தவளை இல்லாத குழி

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷின் விற்க ஒருவர் வந்திருந்தார். எங்கள் வீடு என்று நான் சொல்வது என் மகன் வீட்டை. சிறுசேரிப் பக்கம், ஒன்பதாவது மாடி. வார நாட்களில் மகனும் மருமகளும் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டால் நானும் பிரிட்ஜும்தான். அதுவாவது அவ்வப்போது உறுமும். வந்தவர் எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்தார். ஒரு காகிதத் துண்டை அதில் நனைத்து, அது நிறம் மாறுகிறதா என்று ஒரு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வயசானால் வாய் நிற்பதில்லை.

“தம்பி, இந்தப் பாட்டில கடைசியா எதால கழுவினீங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தார். அவள், “மாமா, டீ போடட்டுமா?” என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி ஐம்பது வருஷத்துக்கு மேல் எனக்குள்ளேயே கிடந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளியே வந்தது. ஏன் கேட்டேன் என்பதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்லூரியில் ஜியாலஜி படித்தேன். செங்கல்பட்டில் எங்கள் தெருவில் அதை ‘கல்லு படிப்பு’ என்பார்கள். கல்லை என்ன படிப்பது, அது கிடக்கிறது என்பது அவர்கள் கட்சி. எப்படியோ ஒரு அரசாங்கத் துறையில் தற்காலிக வேலை கிடைத்தது. காக்கி அரைக்கால் சட்டை, கான்வாஸ் பை, சுத்தியல், ஒரு பூதக்கண்ணாடி. இத்தனையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது பெரிய ஆள் போலத்தான் இருந்தது. அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பார்க்க அவள் இல்லை. அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உடைத்த கல்லை நாக்கால் நக்கிப் பார்ப்போம். ஈரம் பட்டால் உள்ளே என்னென்ன தாது மணி இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நான் ஒரு கல்லை நக்கிக்கொண்டு நின்றதை ஒரு அம்மாள் பார்த்துவிட்டு, தன் வாழைப்பழத்தில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

புது நாடு, புதுத் திட்டம். இரும்பு வேண்டும், செம்பு வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் தோண்டிவிட்டுக் கைவிட்ட சுரங்கக் குழிகளில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி எங்களை ஆளுக்கொரு திசையாக அனுப்பினார்கள். என் பங்குக்கு வந்தது திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு குழி. என் கோப்பில் இரண்டு கேள்விகள் இருந்தன. மறுபடி தோண்டினால் உலோகம் தேறுமா? குழித் தண்ணீர் வழிந்து பயிரைக் கெடுக்கிறது என்று ஒரு விவசாயி கொடுத்த மனு உண்மையா? உண்மை என்றால் அந்தத் தண்ணீரை வேறு பக்கம் திருப்ப ஒரு கால்வாய் வெட்டித் தருவார்கள். இல்லை என்றால் மனு தள்ளுபடி. முதல் கேள்விதான் பெரியது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றதும் பாதி ஜனம் கழுகு பார்க்க மலையேறிவிட்டது. நானும் ஏறினேன். அரசாங்க வேலைக்கு வந்தவன், முதல் நாளே. அன்று கழுகு வரவில்லை. இறங்கி வந்து, வெயிலில் நடந்து, குழிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம்.

எங்கள் பக்கத்து மலையெல்லாம் ஒரே ஜாதிக் கல். கருநீல நிறம், உடைக்கிறதுக்குள் தோள் கழன்றுவிடும். அந்தப் பாறைக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கல் நரம்பு ஓடியது. ஓரத்தில் விரல் பருமன், நடுவில் ஆள் அகலம். அதில் பித்தளைப் பொடி தூவினதுபோல் ஒரு மினுக்கு. அதைப் பார்த்துவிட்டுத்தான் எந்தக் காலத்திலோ ஒரு கம்பெனிக்காரன் செம்பு என்று நினைத்துத் தோண்டியிருக்கிறான். கிடைத்ததெல்லாம் இரும்பும் கந்தகமும் கலந்த கல். அந்தக் கல் பூமிக்குள் இருக்கிறவரை சாது. வெளியே எடுத்துப் போட்டுக் காற்றும் மழையும் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாகக் கசியும். கம்பெனிக்காரன் தோண்டிய கல்லையெல்லாம் கரையில் மலைமாதிரி குவித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். கசிவு நிற்கவில்லை.

குழித் தண்ணீர் அழகாக இருந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். லேசான பச்சை, அடியில் கிடக்கும் கல் வரைக்கும் தெரிகிற தெளிவு. பாசி இல்லை, மீன் இல்லை, கொசுகூட இல்லை. குழி வழிந்து ஓடும் வாய்க்கால் மட்டும் காவி நிறம். கரையில் மஞ்சளாக ஒரு பொருக்கு. நெருப்புக்குச்சி கிழித்தமாதிரி ஒரு வாசனை.

கம்பெனிக்காரன் கட்டிய ஒற்றை அறை ஒன்று பாதிக் கூரையோடு நின்றது. எட்டு நாள் அங்கேதான் தங்கினேன். முதல் நாள் இருட்டியதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று புரிய நேரமாயிற்று. தவளைச் சத்தம் இல்லை. எங்கள் ஜில்லா ஏரிகளின் ஜில்லா. ஒரு கை தண்ணீர் நின்றால் போதும், பத்து தவளை கத்தும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கியவன் நான். இவ்வளவு பெரிய தண்ணீர், ஒரு உயிர் பேசவில்லை. அம்மா போனபிறகு வீடு இப்படித்தான் இருந்தது என்று நினைத்தேன். அழுகை வந்தது. அழுதேன். பார்க்கத்தான் யாரும் இல்லையே.

மறுநாள் காலையில் குப்பம்மா வந்தாள். மனு கொடுத்த விவசாயி அவள்தான். நாற்பது வயசு இருக்கும். குழிக்குக் கீழே, காவி வாய்க்காலை ஒட்டி அவளுக்கு அறுபது சென்ட் நிலம். புருஷன் பட்டணத்துக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். பிள்ளை இல்லை. ஒரு எருமை இருந்தது. ஊர் அரை மைல் தள்ளி இருந்தாலும் அவள் குடிசை நிலத்திலேயே இருந்தது.

வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீதான் ஆபீசரா? அரக்கா நிஜாரு போட்டுகினு கீற.”

“ஆபீசர்தாம்மா.”

“சரி வா, காட்றேன்.”

காட்டினாள். நாற்று நட்ட பத்தாம் நாளே நுனி சிவந்து, அப்படியே கருகி உட்கார்ந்திருந்தது. வாய்க்காலிலிருந்து தள்ளியிருந்த ஒரு மூலையில் மட்டும் பச்சை. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தன் கையாலேயே மண் வெட்டிக் கரை போடுவாளாம். அந்தக் கரைதான் அந்த மூலையையாவது காப்பாற்றிக்கொண்டிருந்தது. பெருமழை பெய்தால் அதுவும் உடையும்.

“எருமை இத்த மோந்துகூடப் பாக்காது” என்றாள். “வாயில்லாத ஜீவனுக்குத் தெரியுது. மணியக்காரனுக்குத் தெரியல. தெளுவா கீது, இன்னா கொறைன்றான்.”

பையிலிருந்து நீல லிட்மஸ் காகிதத்தை எடுத்து வாய்க்காலில் நனைத்தேன். சிவந்தது. அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

“செவந்து போச்சே. அப்படின்னா இன்னா?”

“தண்ணில அமிலம் இருக்குன்னு அர்த்தம். பயிருக்கு ஆகாது.”

“அப்ப நான் சொன்னது நெசந்தானே?”

“நெசந்தான்.”

“எழுதிடு” என்றாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை வருஷமாக ஒருத்தர் வாயால் அதைக் கேட்கக் காத்திருந்தாளோ தெரியாது. நான் எழுதுவது மட்டும் போதாது, தண்ணீரை பாட்டிலில் பிடித்துப் போய்ப் பட்டணத்தில் சோதித்து அவர்கள் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். “நீ கண்ணால பாத்தது பத்தாதா?” என்றாள். நோட்டில் ‘லிட்மஸ் சிவப்பு’ என்று எழுதிக் காட்டினேன்.

அன்றிலிருந்து தினம் ஒரு சட்டியில் கேழ்வரகுக் கூழும் ஒரு கீற்று மாங்காய் ஊறுகாயும் கொண்டுவந்து வைப்பாள். ‘ஏம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தவன் மூன்றாம் நாள் ‘அக்கா’வுக்கு வந்துவிட்டேன். அவளுக்கும் நான் ‘ஆபீசரு’ போய் ‘தம்பி’ ஆகிவிட்டேன். அதிகம் பேசுகிறவள் இல்லை. நான் சுத்தியலால் தட்டுவேன், அவள் தூரத்தில் களை பிடுங்குவாள். அந்தச் சத்தமில்லாத இடத்தில் இன்னொரு ஆள் நடமாடுவதே போதுமாக இருந்தது. உலோகம் தேறாது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சுருட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். இன்னும் அளக்கணும், இன்னும் பார்க்கணும் என்று நாளை ஓட்டினேன்.

எங்கள் துறை கொடுத்த பாட்டில்கள் ஆறு. பழுப்புக் கண்ணாடி, குறுகின கழுத்து. ஏதோ மருந்துக்கடையில் பழசாக வாங்கினவை, உள்ளே டிஞ்சர் நாற்றம். தண்ணீர் பிடிக்கிற முறையை முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எந்தத் தண்ணீரைப் பிடிக்கிறாயோ அதே தண்ணீரால் மூன்று தரம் அலசு, பிறகு பிடி. வேறு எதுவும் உள்ளே படக் கூடாது. இதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

ஏழாம் நாள் காலை பாட்டில்களை அறை வாசலில் வைத்துவிட்டுக் கடைசியாக ஒரு தடவை குன்றின் மேலே போனேன். உச்சியிலிருந்து கிழக்கே பனைமரங்களுக்கு மேல் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் தெரியும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்தேன். ஆறு பாட்டிலும் ஒரு பாறை மேல் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. வெயிலில் பளபளவென்று. பக்கத்தில் குப்பம்மா, கையில் தேங்காய் நார், முழங்கை வரை சாம்பல்.

“ஒரே நாத்தம் தம்பி. சாம்பல போட்டு குலுக்கு குலுக்குன்னு குலுக்கி கழுவிட்டேன். கெவுருமெண்டுக்குப் போற சாமானு. அழுக்கா போனா நம்மள இன்னா நெனப்பாங்க?”

அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாண வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்து வைத்தவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பிறகு என் சாமான் ஒன்றை யாரும் எடுத்துக் கழுவினதில்லை. அவள் எதிரிலேயே அவற்றை மறுபடி மூன்று தரம் அலசினால், நீ கழுவினது போதாது என்று சொன்னமாதிரி ஆகாதா? அலசாமல் அப்படியே குழித் தண்ணீரைப் பிடித்தேன். தக்கை வைத்து, மெழுகு ஊற்றி, சீட்டு ஒட்டினேன். கழுத்து குறுகல், கண்ணாடி பழுப்பு. அடியில் அப்பியிருந்த சாம்பல் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். சாம்பல் அமிலத்தை முறிக்கும் என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்வான். நான் அதற்குப் பரீட்சை எழுதி முதல் வகுப்பு வாங்கினவன்.

மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, பாட்டில்களை நானே மடியில் வைத்துக்கொண்டு போனேன். குப்பம்மா ரோடு வரைக்கும் கூட வந்தாள். “சீக்கிரமா சொல்லச் சொல்லு. மழைக்கு முன்ன கால்வா வெட்டிட்டா நல்லது” என்றாள்.

மூன்று வாரம் கழித்துப் பட்டணத்திலிருந்து முடிவு வந்தது. ஆறு பாட்டிலிலும் அமிலம் இல்லை. சாகுபடிக்கு உகந்த தண்ணீர். கீழே சின்ன எழுத்தில், அடியில் சாம்பல் நிற வண்டல் காணப்பட்டது என்று ஒரு வரி. அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். எல்லாம் புரிந்துவிட்டது.

மேலதிகாரி கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் கோப்பில் சுழி விட்டுப்போனால்கூட விடமாட்டார். “நோட்டுல லிட்மஸ் சிவப்புன்னு எழுதியிருக்கே. லேப் இல்லைங்குது. எது சரி? பாட்டில வேற யாராவது தொட்டாங்களா?” என்று கேட்டார்.

அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்கிற மாதம். மனு கொடுத்தவளையே பாட்டில் கழுவ விட்டேன் என்று சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். சோதனையைக் கெடுக்க அவளே செய்த சூழ்ச்சி என்றுகூட எழுதுவார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்களை இப்போது வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். எல்லாம் ஜோடனை. எனக்குப் பயம். அவ்வளவுதான்.

“யாரும் தொடலை சார். என் காகிதம்தான் பழசு போலிருக்கு” என்றேன்.

அவர் என் நோட்டில் அந்த லிட்மஸ் வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மனு தள்ளுபடி ஆயிற்று. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

மழைக்கு அப்புறம் எப்படியாவது மறுபடி போய்ப் புதுசாகத் தண்ணீர் பிடித்து வந்து சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அதற்குள் சேலம் பக்கம் மாற்றல். அங்கே வேலை, ஜுரம், கல்யாணம். மனுஷனுக்கு மறக்கக் காரணமா கிடைக்காது? மூன்று வருஷம் கழித்து லீவில் செங்கல்பட்டு வந்தபோதுதான் ஒருநாள் பஸ் ஏறினேன்.

நிலத்தில் பயிர் இல்லை. மூலையில் இருந்த பச்சையும் இல்லை. வேலிகாத்தான் முளைத்துக் கிடந்தது. அவள் போட்டிருந்த மண்கரை நடுவில் வெட்டப்பட்டு, காவித் தண்ணீர் நேராக நிலத்துக்குள் போய் நின்றது. குடிசை வாசலில் குப்பம்மா துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பில் கட்டை அடுக்குகிற வேலைக்குப் போகிறாளாம். அங்கேயே கொட்டகை கொடுப்பார்களாம். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்தாள்.

“வா தம்பி. முழு நிஜாருக்கு வந்துட்ட போல.”

நான் கரையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“நான்தான் வெட்டி உட்டேன்” என்றாள். “கடுதாசி வந்துது. வாத்தியாரு பட்ச்சி சொன்னாரு. தண்ணி நல்ல தண்ணின்னு போட்டுகீதுன்னு. நீயே நேர்ல வந்து எட்டு நாளு பாத்து எழுதுனது. அப்பறம் இன்னாத்துக்குக் கரைன்னு வெட்டிட்டேன். எருமை அப்பவும் குடிக்கல. அடிச்சி குடிக்க வெச்சேன். ரெண்டு போகம் வெச்சேன், ஒண்ணும் தேறல. எருமையும் போச்சி. எனக்குக் கைராசி இல்ல தம்பி. அத்தினி வருசமா வீணா தண்ணி மேல பழி போட்டுகினு இருந்துட்டேன்.”

அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். அவள் மூட்டைக்குத் திரும்பினாள், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஆனா அந்தக் காயிதம் செவந்துதே. நானும்தான பாத்தேன். அது இன்னா தம்பி?”

அப்போது சொல்லியிருக்கலாம். தண்ணீர் கெட்டதுதான் அக்கா, உன் கைராசிக்கு ஒன்றும் இல்லை, நான்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று. ஆனால் அதைச் சொன்னால் சாம்பலைச் சொல்ல வேண்டும். அவள் ஆசையாகக் கழுவி வைத்ததுதான் அவள் நிலத்தைக் கொண்டுபோயிற்று என்று சொல்ல வேண்டும்.

“அது பழைய காகிதம் அக்கா” என்றேன்.

“அப்படியா” என்று தலையாட்டினாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் மனசு நோகக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை. மேலதிகாரியிடம் சொன்ன பொய்யையே அவளிடமும் சொன்னேன். அது கைவசம் தயாராக இருந்தது.

அதற்கப்புறம் நான் பெரிய பதவி எல்லாம் பார்த்தேன். எத்தனையோ சுரங்கம், எத்தனையோ தண்ணீர். ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று தரத்துக்குப் பதில் பத்து தரம் அலசுவேன். எனக்குக் கீழே இருந்தவர்கள் சிரிப்பார்கள்.

ரிடையர் ஆகிப் பல வருஷம் கழித்து, நாலு வருஷத்துக்கு முன்னால், மகனின் காரில் அந்தப் பக்கம் போனேன். சவுக்குத் தோப்புகளிலெல்லாம் குப்பம்மாவைப் பற்றி விசாரித்தாயிற்று. தோப்புகளே பாதி இல்லை. கடைசியாகக் குழியைத் தேடிப் போனோம். குன்று இல்லை. ஜல்லிக்காக உடைத்து எடுத்துப்போய்விட்டார்கள். குழி இல்லை, மண் கொட்டி மூடியாயிற்று. வாய்க்கால் இல்லை. கம்பெனிக்காரன் அறை இல்லை. தரை சமமாக இருந்தது, வரிசையாக மனை பிரித்து மஞ்சள் கல் நட்டு நம்பர் எழுதியிருந்தது. எங்கே அவள் நிலம், எங்கே குழி என்று ஜியாலஜி படித்த என்னாலேயே சொல்ல முடியவில்லை. வாசலில் ஒரு கீற்றுக்கொட்டகை, அதில் காவலுக்கு ஒரு ஆள்.

“தம்பி, இங்க குப்பம்மான்னு ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? ஒரு விஷயம் சொல்லணும்” என்றேன்.

அவர் பெஞ்சு மேலிருந்த நோட்டைப் புரட்டினார்.

“எந்த பிளாட்டு சார்?” என்றார்.